ஸ்பிரிங்கை மாற்றினால் "கிளாஸ்" மாறும்! எஞ்சினைத் தொட்டால் ஆர்.சி.யே சிக்கல்!

ராஜபாளையம்:-

2025-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி. அன்று தமிழ்நாடு முழுக்க ஒரே பேச்சு.

"நம்ம அஜித் டீமு துபாயில மூணாவது வந்துட்டாங்கப்பா!"

நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேர கார் பந்தயத்தில் மூன்றாவது இடம் பிடித்தது உண்மைதான். ஆனால் எதில் மூன்றாவது? "992" என்ற பிரிவில் மூன்றாவது. அதே ரோட்டில், அதே நேரத்தில், அதைவிட வேகமான "ஜி.டி.3" கார்களும் ஓடின. மெதுவான "ஜி.டி.4" கார்களும் ஓடின. அத்தனையும் ஒன்றாக ஓடினாலும் பரிசு மட்டும் தனித்தனி!

இதைத்தான் பந்தயக்காரர்கள் "கிளாஸ்" என்கிறார்கள். தமிழில் பிரிவு.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கார் வைத்திருக்கிற இளைஞர்கள் பலருக்கு இப்போது பந்தய ஆசை வந்திருக்கிறது. அலாய் வீல் போடுகிறார்கள். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துகிறார்கள். சைலன்சரை மாற்றுகிறார்கள். "அண்ணே, கோயமுத்தூர்ல போட்டி வச்சா நானும் கலந்துக்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

கலந்துகொள்ளலாம். ஆனால் எந்தப் பிரிவில்? அங்கேதான் இருக்கிறது சங்கதி!

அது பற்றிய விவரம் வருமாறு:-

ஆட்டோகிராஸ் என்றால் என்ன?

கார் பந்தயம் என்றதும் பத்து இருபது கார்கள் முட்டி மோதிக்கொண்டு பறப்பதுதான் நினைவுக்கு வரும். ஆட்டோகிராஸ் அப்படி அல்ல.

அமெரிக்காவில் பெரிய கார் நிறுத்தும் இடம் அல்லது பழைய விமான தளத்தை எடுத்துக் கொள்கிறார்கள். ரப்பர் கூம்புகளை அடுக்கி, வளைந்து வளைந்து பாதை போடுகிறார்கள். பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே கார்தான் கடிகாரத்தை எதிர்த்து ஓடும். ஒரு சுற்று முடிய ஒரு நிமிடம்கூட ஆகாது. கூம்பைத் தட்டிவிட்டால் ஒரு கூம்புக்கு 2 வினாடி அபராதம். பாதையைத் தவறவிட்டால் அந்தச் சுற்றே கணக்கில் இல்லை.

இங்கிலாந்தில் ஆட்டோகிராஸ் என்றால் புல்தரை, மண்தரை. நம் நாட்டிலும் மண் தரையில் நடத்துவது வழக்கம்.

இதன் விசேஷம் என்ன தெரியுமா? இதற்குப் பல லட்சம் ரூபாய் பந்தயக் கார் வேண்டாம். வாரம் முழுக்கக் கடைக்கும் ஆபீசுக்கும் போய்வந்த காரையே ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் ஓட்டலாம். அதனால்தான் உலகம் முழுக்க இது சாதாரண ஆட்களின் பந்தயமாக இருக்கிறது.

மாட்டு வண்டிக்கும் இதே கணக்குதான்!

பிரிவு என்பது நமக்குப் புதிது அல்ல.

தென் மாவட்டங்களில் மாட்டு வண்டிப் பந்தய நோட்டீசைப் பாருங்கள். பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். பெரிய மாட்டுக்கு ஓடும் தூரம் அதிகம். பூஞ்சிட்டுக்குக் குறைவு. பெரிய மாட்டோடு பூஞ்சிட்டை ஓட விட்டால் பந்தயமா அது?

ஊர் கபடிப் போட்டி போஸ்டரைப் பாருங்கள். "65 கிலோ எடைப் பிரிவு" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 66 கிலோ இருந்தால் வெளியே நிற்க வேண்டியதுதான். போட்டிக்கு முதல் நாள் ராத்திரி பட்டினி கிடந்து எடை குறைக்கிற பையன்கள் உண்டா இல்லையா?

கார் பந்தயத்திலும் அதே கதைதான். அங்கே எடை மட்டும் பார்ப்பதில்லை. எஞ்சின், டயர், ஸ்பிரிங், சைலன்சர், சீட், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். எதை மாற்றியிருக்கிறாய், எவ்வளவு மாற்றியிருக்கிறாய் என்பதைப் பொறுத்து பிரிவு முடிவாகிறது.

எதைத் தொட்டால் எங்கே போகும்?

அமெரிக்காவில் 1944-ல் ஆரம்பித்த "ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆப் அமெரிக்கா" என்ற சங்கம் ஆட்டோகிராஸ் விதிகளை விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறது. பல நாட்டு அமெச்சூர் ஓட்டிகள் அதைப் படிக்கிறார்கள். அதன் ஏணிப்படி சுருக்கமாக இதுதான்:-

முதல் படி "ஸ்ட்ரீட்". கம்பெனியிலிருந்து வந்த கார் கிட்டத்தட்ட அப்படியே இருக்க வேண்டும். ஷாக் அப்சார்பரை மாற்றலாம். ஆனால் ஸ்பிரிங்கை மாற்றக்கூடாது! ஏர் பில்டர் உள்ளே இருக்கும் அட்டையை மாற்றலாம். சைலன்சரின் பின்பகுதியை மாற்றலாம். சக்கரத்தின் விட்டம் ஒரு அங்குலம் கூடலாம், குறையலாம். அகலம் மட்டும் மாறக்கூடாது. டயர் ரோட்டில் ஓட்டுகிற டயராக இருக்க வேண்டும்.

அடுத்த படி "ஸ்ட்ரீட் டூரிங்". இங்கே ஸ்பிரிங்கை மாற்றலாம். அகலச் சக்கரம் ஓர் அளவு வரை போடலாம். எஞ்சின் கம்ப்யூட்டரை மறுபடி எழுதிக் கொள்ளலாம்.

அதற்கு மேலே போகப் போக சீட்டைக் கழற்றலாம், வழவழ பந்தய டயர் போடலாம், எஞ்சினையே மாற்றலாம். கடைசிப் படி "மாடிபைடு". அங்கே நிற்கிற வண்டிகளில் பாதிக்கு, "இது எந்தக் கம்பெனி கார்?" என்று கேட்கும்படி இருக்கும்.

முக்கியமான விஷயம் இதுதான். ஒரே ஒரு பாகத்தை விதிக்கு மீறி மாற்றினாலும் கார் அடுத்த படிக்குப் போய்விடும். "ஸ்பிரிங் மட்டும்தான் மாத்தியிருக்கேன், மத்ததெல்லாம் ஒரிஜினல்தான்" என்று சொன்னாலும் கதை எடுபடாது. மேல் படியில், எல்லாவற்றையும் மாற்றிய வண்டிகளோடுதான் ஓட வேண்டும்.

பட்டறைப் பேச்சு

எந்தப் பட்டறையிலும் இந்தப் பேச்சு இப்படித்தான் போகும் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

"அண்ணே, ஸ்பிரிங்கை மாத்தி ரெண்டு இஞ்ச் இறக்கிருங்க. கார்னர்ல கின்னுனு நிக்கணும்."

"இறக்கிரலாம் தம்பி. எதுக்கு?"

"போட்டிக்குண்ணே."

"எந்த கிளாசு?"

"ஸ்டாக் கிளாசுண்ணே. அதுலதான் நமக்கு சான்ஸ் இருக்கு."

"அட என்ன தம்பி! ஸ்பிரிங்கைத் தொட்டுட்டா அது ஸ்டாக் இல்லையே. பத்தாயிரம், இருபதாயிரம் செலவு பண்ணி, ஜெயிக்கிற எடத்துல இருந்து தோக்கிற எடத்துக்குப் போறதுக்கா வந்திருக்கீங்க?"

நியாயமான கேள்விதானே!

காசு செலவழித்துத் தோற்பது எப்படி?

கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஆட்டோகிராசில் வெவ்வேறு பிரிவுக் கார்களை ஒப்பிட ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பெருக்கல் எண். ஓடிய வினாடியை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். வேகமான பிரிவுக்கு எண் பெரிது. மெதுவான பிரிவுக்கு எண் சிறிது.

உதாரணத்துக்கு, கீழ்ப் பிரிவின் எண் 0.80 என்று வையுங்கள். மேல் பிரிவின் எண் 0.82 என்று வையுங்கள்.

மாற்றம் எதுவும் செய்யாத கார் 50 வினாடியில் ஓடி முடிக்கிறது. 50-ஐ 0.80-ஆல் பெருக்கினால் 40.

அதே காரில் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டார்கள். பிரிவு மேலே போய்விட்டது. இப்போது அதே 40 வர வேண்டுமானால் 48.78 வினாடியில் ஓட வேண்டும். அதாவது புது ஸ்பிரிங் கிட்டத்தட்ட 1.22 வினாடி மிச்சப்படுத்திக் கொடுக்க வேண்டும்.

கொடுக்குமா? ஒரு வினாடிதான் மிச்சமானது என்றால் காசும் போச்சு, இடமும் போச்சு!

அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் முதலில் விதிப் புத்தகத்தை வாங்குகிறார்கள். ஸ்பேனரை அப்புறம்தான் எடுக்கிறார்கள்.

"போரிங்" அடித்தாலே போச்சு!

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. இது எஞ்சின் அளவு பற்றியது.

பல போட்டிகளில் எஞ்சின் கொள்ளளவை, அதாவது சி.சி.யை வைத்துப் பிரிக்கிறார்கள். "800 சி.சி. வரை" என்று ஒரு பிரிவு இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம்.

நம் ஊர் ரோடுகளில் பல வருஷம் ஓடிய மாருதி 800 காரின் எஞ்சின் 796 சி.சி. மூன்று சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லி மீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 72 மில்லி மீட்டர்.

பழைய வண்டி. சிலிண்டர் தேய்ந்துவிட்டது. ஆயில் குடிக்கிறது, புகை தள்ளுகிறது. மெக்கானிக் வழக்கம்போல ரீபோரிங் அடித்து, கால் மில்லி மீட்டர் பெரிய பிஸ்டன் போடுகிறார்.

இப்போது விட்டம் 68.75 மில்லி மீட்டர். கணக்குப் போட்டால் எஞ்சின் சுமார் 802 சி.சி.! அரை மில்லி மீட்டர் பெரிதாக்கினால் சுமார் 808 சி.சி.!

பந்தயத்துக்காக எதுவுமே செய்யவில்லை. ரிப்பேர்தான் செய்தார்கள். ஆனாலும் 800 சி.சி. வரம்பைத் தாண்டிவிட்டது. சில போட்டிகளில் ரீபோரிங்குக்கு விதியிலேயே சலுகை இருக்கும். அப்படி எழுதியிருக்காவிட்டால் அந்தக் கார் மேல் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

டர்போ இருக்கிற எஞ்சினுக்கு இன்னும் கெடுபிடி. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அதனால் சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின் வேலையைப் பார்க்கும். சர்வதேச விதிகளில் டர்போ எஞ்சினின் சி.சி.யை 1.7-ஆல் பெருக்கிப் பார்ப்பது வழக்கம். அந்தக் கணக்குப்படி ஆயிரம் சி.சி. டர்போ கார் 1,700 சி.சி. காராக எண்ணப்படும்!

ஒரு பல்பு பறித்த பரிசு

"சின்ன மாற்றம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தைக் கேட்க வேண்டும்.

1966-ம் ஆண்டு. பிரான்ஸ் பக்கத்தில் நடக்கும் புகழ்பெற்ற மாண்டி கார்லோ ராலி. இங்கிலாந்தின் குட்டிக் கார் "மினி" முதல் மூன்று இடங்களையும் அள்ளியது. கொண்டாட்டம் முடிவதற்குள் குண்டு விழுந்தது. மூன்று கார்களும் தகுதி நீக்கம்!

காரணம்? எஞ்சின் இல்லை. டயர் இல்லை. முன்விளக்கு பல்பு! ஒற்றை இழை பல்பு போட்டிருந்ததும், டிப் அடிக்கும் முறையும் விதிக்கு ஒத்துவரவில்லை என்றார்கள். நான்காவதாக வந்த போர்டு லோட்டஸ் கார்டினாவும் அதே விளக்குத் தகராறில் வெளியேறியது. பின்னால் வந்த சிட்ரோன் காரின் ஓட்டி பாலி டோய்வோனன் வென்றதாக அறிவிக்கப்பட்டார்.

அடுத்தது 1995-ம் ஆண்டு. உலக ராலிப் போட்டியில் ஸ்பெயின் நாட்டுச் சுற்று. டொயோட்டா அணியின் கார்களைப் பிரித்துப் பார்த்தார்கள். டர்போவுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வளையத்தில் தந்திரம் செய்திருந்தது தெரிய வந்தது. காரில் பொருத்தியிருக்கும்போது கூடுதல் காற்று போகும். கழற்றிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது! அந்த வருஷப் புள்ளிகள் அத்தனையும் பறிபோயின. ஒரு வருஷம் தடையும் விழுந்தது.

பணம் கொழித்த கம்பெனிக்கே இந்தக் கதி.

உயிர் போன பிரிவு

பிரிவு என்பது பரிசுக்காக மட்டும் அல்ல. உயிருக்காகவும்தான்.

1982-ல் சர்வதேச மோட்டார் சங்கம் "குரூப் என்", "குரூப் ஏ", "குரூப் பி" என்று புதுப் பிரிவுகள் கொண்டு வந்தது. என், ஏ இரண்டுக்கும் அப்போது குறைந்தது 5 ஆயிரம் கார்கள் தயாரித்திருக்க வேண்டும். அதாவது, கடையில் விற்கிற கார். "பி"க்கு 200 கார் போதும்!

200 கார் என்றால் அது பந்தயத்துக்காகவே செய்த கார். கம்பெனிகள் போட்டி போட்டன. எடை குறைந்தது. சக்தி ஏறியது. ரோடும் ஓட்டியும் தாங்கவில்லை.

1986-ம் ஆண்டு போர்ச்சுகல் ராலியில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் பலியானார்கள். அதே வருஷம் மே 2-ந் தேதி கார்சிகா தீவில் ஹென்றி டோய்வோனனும், அவருடைய துணை ஓட்டி செர்ஜியோ கிரெஸ்டோவும் காரோடு எரிந்து இறந்தார்கள். 1966-ல் பல்புத் தகராறில் வென்றாரே பாலி டோய்வோனன், அவருடைய மகன்தான் இந்த ஹென்றி!

அதோடு உலக ராலியில் குரூப் பி-க்கு மூடு விழா.

இன்றும் எந்தப் போட்டியிலும் மேல் பிரிவுக்குப் போகப் போக பாதுகாப்புச் சாமான் கூடும். காருக்குள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பெல்ட், தீயணைப்பான் என்று கேட்பார்கள். வேகத்துக்குக் காசு போடுகிற தம்பிமார்கள் இதற்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

தமிழ்நாட்டுக்கும் கார் பந்தயத்துக்கும் உள்ள உறவு பழையது.

1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பமானது. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் இருந்த இரண்டாம் உலகப் போர்க்கால விமான தளம்தான் பந்தய மைதானம். ஆயிரக்கணக்கில் ஜனம் கூடியது. அப்போது நம் நாட்டில் கிடைத்ததே அம்பாசிடர், பியட், ஹெரால்டு என்று விரல் விட்டு எண்ணுகிற கார்கள்தான். இருக்கிற காரைப் பிரித்து மேய்ந்து வேகம் ஏற்றுவதுதான் அன்றைய வித்தை.

பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் திறந்தார்கள். நீளம் சுமார் 3.7 கிலோ மீட்டர்.

கோயமுத்தூரைச் சேர்ந்த கரிவர்தன் வேறு வழியில் யோசித்தார். ஆளாளுக்கு ஒரு மாற்றம் செய்தால் காசு உள்ளவன்தானே ஜெயிப்பான்? எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் கொடுத்தால்? மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை ஆள் பந்தயக் காரைச் செய்தார். அதுதான் "பார்முலா மாருதி". அந்தக் காரில் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியவர் நரேன் கார்த்திகேயன். அவர் 2005-ல் பார்முலா-1 போட்டியில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்!

கரிவர்தன் 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்து போனார். கோயமுத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடத்துக்கு அவர் நினைவாக "காரி மோட்டார் ஸ்பீட்வே" என்று பெயர்.

மாற்றமே செய்யக்கூடாத "ஒரே கார்" பிரிவு இன்றைக்கும் உண்டு. 2024 ஆகஸ்டு கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் நடந்த பார்முலா-4 பந்தயமும் அந்த வகைதான். எல்லோருக்கும் ஒரே வகைக் கார். ஜெயிப்பதும் தோற்பதும் ஓட்டுகிறவர் கையில்.

ரோட்டுக்கு வந்தால் வேறு சட்டம்!

இதுவரை சொன்னது பந்தயத் தடத்துக்கான சங்கதி. அங்கே மாற்றம் செய்தால் பிரிவு மாறும், அவ்வளவுதான். அதே காரை ஓட்டிக்கொண்டு ராஜபாளையம் ரோட்டுக்கு வந்தால்?

இங்கே அம்பயர் வேறு ஆள்!

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்வது இதுதான்:- வண்டி தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுகிற அளவுக்கு, வண்டியை மாற்றக்கூடாது.

இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். 2019 ஜனவரி 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதிப்படுத்தித் தீர்ப்பு சொன்னது. கேரளத்திலிருந்து போன வழக்கு அது. கம்பெனி விவரத்துக்கு மாறான மாற்றம் செய்த வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

அதே 2019-ல் சட்டமும் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்! கவனியுங்கள், ஒரு காருக்கு 5 ஆயிரம் அல்ல, ஒரு மாற்றத்துக்கு 5 ஆயிரம். நாலு மாற்றம் என்றால் ரூ.20 ஆயிரம்.

நம் ஊர்க்காரர்களுக்குக் கேரளம் பக்கத்து வீடு மாதிரி. திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகப் போகிற நெடுஞ்சாலை, செங்கோட்டை தாண்டி கொல்லத்துக்குத்தான் போகிறது. அங்கே இந்த விஷயத்தில் கெடுபிடி அதிகம். 2021 ஆகஸ்டில் கேரளத்தில் யூடியூப் சகோதரர்கள் இருவரின் அலங்கார வேனையே பிடித்து வைத்துவிட்டார்கள். சபரிமலைக்கோ குற்றாலம் தாண்டியோ போகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்வது நல்லது.

எது செய்யலாம், எது கூடாது?

வண்டியின் கலரை மாற்றலாம். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

பழுதான எஞ்சினுக்குப் பதில் அதே வகை எஞ்சின் வைக்கலாம். அதற்கும் அனுமதி வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற கேஸ் கிட் பொருத்தலாம். அதையும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

மாற்றுத் திறனாளிகள் ஓட்டுவதற்காக வண்டியை மாற்றியமைக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. கம்பெனிக் கண்ணாடியிலேயே முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கத்தில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும்.

முன்னால் போடும் இரும்புத் தடுப்புக் கம்பி கூடாது என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது. மோதும்போது அந்தக் கம்பி இடியை வேறு இடத்துக்குத் திருப்பி, ஏர் பேக் சரியாகத் திறக்க விடாமல் செய்யலாம். நடந்து போகிறவர் மேல் பட்டால் அவருக்கும் ஆபத்து.

பொது ரோட்டில் அனுமதி இல்லாமல் பந்தயம் விட்டால் முதல் தடவைக்கே 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் ஒரு வருஷம் வரை போகும்.

இன்சூரன்ஸ் எங்கே?

அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். இதைவிடப் பெரிய அடி இன்சூரன்சில் இருக்கிறது.

வண்டியில் செய்த மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் மறைத்தால், விபத்து நடந்த பிறகு பணம் கேட்கும்போது கம்பெனி கையை விரிக்கலாம். "நாங்கள் இன்சூர் செய்த கார் இது இல்லையே" என்பார்கள்.

இன்னொன்று. சாதாரண கார் இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் இன்சூரன்ஸ் கிடையாது என்று அதிலேயே எழுதியிருக்கும். அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு போட்டிக்குப் போகிற பையன்கள் முக்கியமாகப் படிக்க வேண்டிய வரி இது. பஞ்சாலையிலோ கடையிலோ உழைத்து, மாதத் தவணை கட்டி அப்பா வாங்கிய கார். கூம்பைத் தட்டினால் 2 வினாடிதான் போகும். பக்கத்துச் சுவரைத் தட்டினால் செலவு முழுக்க அப்பா தலையில்!

அளவோடு மாற்றினால் அழகு

மாற்றமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் ஆடிப்பூரத் தேரையே எடுத்துக் கொள்ளுங்கள். முன்பு மரச் சக்கரம். நகர்த்துவதும் கஷ்டம், நிறுத்துவதும் கஷ்டம். பிறகு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். வடம் பிடித்து இழுக்கிற ஜனத்துக்கும் பாதுகாப்பு. அதே தேர்தான், அதே வீதிதான்.

ஆனால் அதே ஊர்ப் பால்கோவாவில் மாவைக் கலந்தால் ஒப்புக் கொள்வோமா? 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும்தான் பால்கோவா. மாவு சேர்ந்தால் அது வேறு சரக்கு. தித்திப்பாக இருக்கலாம், ஆனால் அந்தப் பெயரில் விற்கக்கூடாது. பந்தயப் பிரிவும் இதைத்தான் சொல்கிறது. "மாற்றிக்கொள், ஆனால் மாற்றியதை மாற்றாதது என்று சொல்லி நிறுத்தாதே."

அப்படி நிறுத்தினால் பக்கத்துப் போட்டியாளர் சும்மா இருக்க மாட்டார். கட்டணம் கட்டி எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுப்பார். பரிசோதகர்கள் எஞ்சினைப் பிரித்து அளந்து பார்ப்பார்கள். குற்றம் இருந்தால் கோப்பை போகும், பெயரும் போகும். குற்றம் இல்லை என்றால் ஆட்சேபித்தவருக்குக் கட்டிய பணம் போகும்.

ஆசைப்படுகிறவர்களுக்கு...

பந்தயத்தில் இறங்க விரும்பும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இளைஞர்கள் கவனிக்க வேண்டியவை:-

1. கலந்துகொள்ளும் போட்டி இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகள் சம்மேளனத்தின் அனுமதி பெற்றதா என்று முதலில் பாருங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தச் சம்மேளனம்தான் நாடு முழுக்க மோட்டார் பந்தயத்தைக் கண்காணிக்கிறது. போட்டியாளருக்கு அதன் லைசென்சும் வேண்டும்.

2. அந்தப் போட்டியின் விதிப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். ஒரு போட்டியின் விதி இன்னொரு போட்டிக்குப் பொருந்தாது. இந்த வருஷ விதி அடுத்த வருஷம் மாறலாம்.

3. முதல் வருஷம் எதையும் மாற்றாதீர்கள். நல்ல டயர், நல்ல பிரேக் பேட், சரியான காற்று, சரியான வீல் அலைன்மென்ட் போதும். ஓட்டப் பழகினால் வருகிற நேர மிச்சம் எந்த ஸ்பிரிங்கிலும் வராது.

4. கழற்றிய ஒரிஜினல் சாமான்களைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். திரும்ப மாட்ட வேண்டி வரும்.

5. செய்த வேலைக்கெல்லாம் பில் வாங்கி வையுங்கள். ரீபோரிங் அடித்தால் எத்தனை மில்லி மீட்டர் என்று எழுதி வாங்குங்கள்.

6. பந்தயத்துக்காகவே மாற்றிய காரை ரோட்டில் ஓட்டிப் போகாதீர்கள். டிரெய்லரில் ஏற்றிப் போங்கள்.

பழைய மாருதி 800-ஐ வைத்துக்கொண்டு, "இதை வச்சு என்ன பண்ண முடியும்?" என்று யோசிக்கிற தம்பிக்கு ஒரு வார்த்தை. 796 சி.சி. வண்டி 796 சி.சி. வண்டியோடு ஓடத்தான் பிரிவே வைத்திருக்கிறார்கள். வண்டியை அப்படியே கொண்டுபோய் நிறுத்துங்கள். பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, ஓட்டி முடித்துவிட்டு அதே காரில், அதே ஆர்.சி.யோடு, ஸ்ரீவில்லிபுத்தூர் செக்கிங்கைத் தாண்டி நிம்மதியாக வீடு வந்து சேரலாம்.